பங்குப் பகுப்பாய்வு படித்தால் எந்தப் பங்கு ஏறும் என்று தெரிந்துவிடுமா?

கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரிதானா பாருங்கள். பாகான் டத்தோ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள். அப்பா அங்கே மண்டோர், அதாவது தொழிலாளர்களை மேற்பார்ப்பவர். படிவம் ஆறு முடித்து, நிதித்துறைப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாடத்திட்டத்தில் முதலீட்டுப் பொருளாதாரம், பங்குப் பகுப்பாய்வு என்ற பெயர்களைப் பார்த்த அப்பா, "சூதாட்டம் படிக்கவா யூனிவர்சிட்டிக்குப் போற?" என்கிறார். இதைப் படித்தால் எந்தப் பங்கு ஏறும் என்று தெரியுமா, கணிதம் எவ்வளவு வரும், வேலை கிடைக்குமா, பேசாமல் கணக்கியலுக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பங்கு என்ற ஒன்றை யாருமே வாங்கிப் பார்க்காத வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு இந்தப் படிப்பில் என்ன வேலை? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் தெலுக் இந்தான்காரன். கோலாலம்பூரில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் தோட்டக் கம்பெனிகளைப் பற்றி அறிக்கை எழுதுவதுதான் பல வருடம் என் பிழைப்பு. ஓய்வுக்குப் பிறகு ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக இதே பாடத்தை நடத்துகிறேன். வங்கிகளையும் தொழில்நுட்பக் கம்பெனிகளையும் அவ்வளவாகப் பார்த்தவனில்லை. என் உதாரணங்கள் எல்லாம் செம்பனையாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அது தோதாகவும் இருக்கும்.

எந்தப் பங்கு ஏறும் என்று தெரியாது. பட்டம் வாங்கிய பிறகும் தெரியாது, முப்பது வருடம் வேலை பார்த்த பிறகும் தெரியாது. தெரியும் என்று யாராவது டெலிகிராம் குழுவில் சொன்னால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் பத்திரங்கள் ஆணையம் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதற்காக நம்பியும் விடாதீர்கள். இந்தப் படிப்பு சொல்லித் தருவது வேறு. ஒரு விலை கண்முன் நிற்கும்போது, அந்த விலை சரி என்றால் என்னவெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கப் பழக்குகிறது. இந்த ஒரு பழக்கம் கைவந்தால் படித்த காசு வீண் போகவில்லை என்பேன்.

இரண்டு பாடங்களும் வேறு வேறு. முதலீட்டுப் பொருளாதாரம் சந்தையை மொத்தமாகப் பார்க்கும். ஆபத்துக்குச் சந்தை என்ன கூலி கொடுக்கிறது, வட்டி ஏறினால் எல்லா விலையும் ஏன் அசைகிறது, பல பங்குகளைச் சேர்த்து வைத்தால் மொத்த ஆட்டம் (ஏற்ற இறக்கம்) ஏன் குறைகிறது என்பதெல்லாம் அங்கே வரும். 1952-ல் ஹாரி மார்க்கோவிட்ஸ் எழுதிய கட்டுரையும், 1964-ல் வில்லியம் ஷார்ப் எழுதியதும் அதன் அடித்தளம். பங்குப் பகுப்பாய்வு ஒரு நேரத்தில் ஒரு கம்பெனியை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாட்டும் பாடமாக நடத்தி, 1934-ல் நூலாகக் கொண்டுவந்த முறை அது. 1929-ல் சந்தை சரிந்த சூட்டோடு வந்ததால் அதில் சந்தேகக் குணம் ஊறியிருக்கும். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

முதல் செமஸ்டரிலோ இரண்டாவதிலோ உங்களுக்கு ஒரு சூத்திரம் வரும். அடுத்த வருடம் வரப்போகும் லாப ஈவை (கம்பெனி தன் லாபத்திலிருந்து ஒரு பங்குக்குக் கொடுக்கும் பணம்), நீங்கள் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்துக்கும் அந்த லாப ஈவு வளரும் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் பங்கின் மதிப்பு. லாப ஈவு 50 சென், எதிர்பார்ப்பு 8 விழுக்காடு, வளர்ச்சி 3 விழுக்காடு என்றால் மதிப்பு 10 ரிங்கிட். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் பாடம் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. வளர்ச்சியை 4 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், 12 ரிங்கிட் 50 சென். வளர்ச்சியை 3-லேயே விட்டு எதிர்பார்ப்பை 9 ஆக்குங்கள், 8 ரிங்கிட் 33 சென். ஒரே கம்பெனி, ஒரே லாப ஈவு, அனுமானத்தில் ஒரு புள்ளி அசைந்ததற்கு இவ்வளவு தூரம். தரகு நிறுவனங்கள் "இலக்கு விலை" என்று சென் வரை துல்லியமாக எழுதுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். நானும் எழுதியவன்தான், வேறு வழியில்லை, வாடிக்கையாளர் கேட்பார். அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் அனுமானம் எது, அதை நான் எதை வைத்து நம்புகிறேன் என்று சொல்லத் தெரிந்தவரே பகுப்பாய்வாளர்.

இனி தோட்டத்துக்கு வருவோம். ஒரு கற்பனைக் கம்பெனி, காய்க்கும் பரப்பு 10,000 ஹெக்டேர். ஹெக்டேருக்கு வருடத்துக்கு 22 டன் பழக்குலை, ஆலையில் 20 விழுக்காடு எண்ணெய். அப்படியானால் ஹெக்டேருக்கு 4.4 டன், மொத்தம் 44,000 டன் கச்சா எண்ணெய். டன்னுக்கு அடக்கச் செலவு 2,500 ரிங்கிட், விற்கும் விலை 4,000 என்றால் லாபம் 6 கோடியே 60 லட்சம். எண்ணெய் விலை பத்து விழுக்காடு இறங்கி 3,600 ஆகட்டும். லாபம் 4 கோடியே 84 லட்சம். விலை பத்து விழுக்காடு குறைந்ததற்கு லாபத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. செலவு அசையாமல் நிற்பதுதான் காரணம். உரமும் கூலியும் எண்ணெய் விலையைப் பார்த்துக்கொண்டு இறங்குவதில்லை. இப்போது நிஜ விலைகளை நினைத்துப் பாருங்கள். 2019 நடுவில் 2,000 ரிங்கிட்டை ஒட்டிக் கிடந்த எண்ணெய் 2022 தொடக்கத்தில் 7,000-ஐத் தாண்டியது, அதே ஆண்டு முடிவதற்குள் 4,000-க்குக் கீழேயும் போனது. இந்த விலையை முன்கூட்டிச் சொல்லும் முறை ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. பகுப்பாய்வாளர் செய்யக்கூடியது, எந்த விலையில் இந்தக் கம்பெனி மூச்சுவிடும், எந்த விலையில் திணறும் என்று கணக்கிட்டு வைப்பது.

விலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு கம்பெனியை இன்னொன்றிலிருந்து பிரிப்பது விளைச்சலும் செலவும் மரத்தின் வயதும். வயதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நகரத்தில் வளர்ந்த மாணவர்கள் தவறவிடும் இடம் அது. செம்பனை நட்டு மூன்று வருடம் போலக் காசு வராது. பிறகு ஏறி, பத்து வயதை ஒட்டி உச்சத்துக்கு வந்து சில காலம் நிற்கும். இருபத்தைந்து வயதுக்குப் பக்கத்தில் மறுநடவு செய்தாக வேண்டும். ஏன் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மரம் உயர்ந்துவிட்டால் நீளமான அரிவாள் கம்பு வேண்டும், ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டும் குலை குறையும், மேலே பழுத்தது கண்ணுக்குத் தெரியாமல் உதிரும் என்று புத்தகத்தில் இல்லாத விவரத்தோடு சொல்வார். இப்போது ஒரு நிர்வாகம் மறுநடவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது என்று வையுங்கள். நிலம் எதுவும் காய்ப்பில்லாமல் சும்மா கிடக்கவில்லை, நடவுச் செலவும் இல்லை, இந்த வருட லாபம் அழகாக இருக்கும். ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் மரங்களின் வயதைச் சொல்லும் சிறிய அட்டவணை ஒன்று இருக்கும். இருபது வயதுக்கு மேற்பட்ட மரங்கள் அங்கே குவிந்திருந்தால், அந்த லாபம் நாளைக்கு வர வேண்டியதை இன்றே எடுத்துச் சாப்பிட்ட லாபம். 2016 ஜனவரி 1 முதல் கணக்கியல் தரமும் செம்பனை மரத்தை ஆலை இயந்திரம் போலவே நடத்துகிறது. நடவுச் செலவு சொத்தாக ஏறி, ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழியும். அதனால் மறுநடவுக்கு உண்மையில் எவ்வளவு பணம் போனது என்று தெரிய, லாப நட்டக் கணக்கை விட்டுவிட்டுப் பண ஓட்ட அறிக்கைக்குப் போக வேண்டும்.

கூலியும் அப்படித்தான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,500-லிருந்து 1,700 ரிங்கிட் ஆனதை ஒரு பகுப்பாய்வாளர் செலவுக் கணக்கில் ஒரு வரியாகப் போடுவார். அந்த வரி நியாயமானதா என்று கேட்கும் இடம் அந்த அட்டவணையில் இல்லை. கேட்காமல் விடவும் கூடாது. 2022-ல் விலை உச்சத்தில் நின்றபோது வெட்ட ஆளில்லாமல் குலை மரத்திலேயே அழுகியதை நம் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு, மலிவான ஆள் எப்போதும் கிடைப்பார் என்ற அனுமானம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும்.

நிலத்தைப் பற்றியும் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 1981 செப்டம்பர் 7 காலை, லண்டன் பங்குச் சந்தையில், மலேசிய அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல், இங்கே தோட்டங்களை வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனியான கத்ரியின் பங்குகளைச் சில மணி நேரத்துக்குள் வாங்கிக் குவித்து அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய தோட்டங்களின் உரிமை, அங்கே யாரோ விற்க யாரோ வாங்கி, கைமாறியது. இன்று எஸ்டி கத்ரி என்று பங்குச் சந்தைப் பட்டியலில் இருப்பது அதன் வாரிசு. 2024 வரை அது சைம் டார்பி பிளான்டேஷன். எப்போதோ வாங்கிய நிலம் கணக்குப் புத்தகத்தில் பழைய விலையிலேயே நிற்கலாம், பங்கின் விலை அந்த நிலத்தின் இன்றைய மதிப்பை விடக் குறைவாகவும் இருக்கலாம் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. கத்ரியை வைத்துப் படித்தால் அது மறக்காது.

அப்பாவின் பேச்சை ஒதுக்கிவிடாதீர்கள், அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. 1997 தொடக்கத்தில் 1,200 புள்ளிகளுக்கு மேல் நின்ற கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு 1998 செப்டம்பர் 1-ல் 262-க்கு வந்தது. நூறு வெள்ளி (ரிங்கிட்) இருபத்தொன்று போல ஆனது என்று அர்த்தம். அதற்கு முன் சிறு டவுன்களில் கூட, கையில் காசில்லாமல் வாங்கி, பணம் கட்டும் நாள் வருவதற்குள் விற்றுவிடும் கொன்ட்ரா வியாபாரம் செய்தவர்கள் இருந்தார்கள். அது சூதுதான், அப்பாவோடு நான் ஒத்துப்போகிறேன். ஆனால் நாலு நம்பர் லாட்டரி எடுப்பதும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்குவதும் ஒன்றல்ல. நம்பரில் சேரும் பணத்திலிருந்து வரியும் நடத்துபவர் பங்கும் போக மிச்சம்தான் பரிசாகத் திரும்புகிறது. விளையாடுபவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் நிச்சயம். பங்குக்குப் பின்னால் குலை வெட்டி எண்ணெய் பிழியும் ஒரு தொழில் நடக்கிறது, விலை எப்படி ஆடினாலும் அது எதையோ உற்பத்தி செய்கிறது. அப்படி என்றால் லாபம் உறுதியா என்றால், இல்லை. அதிக விலை கொடுத்தால் நல்ல தொழிலிலும் பணம் போகும்.

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்றும் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-ல், அப்போதைய மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். ஆக நம்மவர்கள் பங்கு வாங்கியதே இல்லை என்பது சரியில்லை. அப்பா மனதில் இருப்பது மஇகா தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸாக இருக்கலாம். 1980-களில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். 2010-ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் விலை வந்தது. அரசியலை விட்டுவிட்டு இதையும் ஒரு பயிற்சிக் கணக்காகப் போடுங்கள். ஒரு வெள்ளியை 5 விழுக்காடு கூட்டு வட்டியில் 25 வருடம் விட்டால் சுமார் 3 வெள்ளி 39 காசு. இடையில் கிடைத்த லாப ஈவுகளைத் தேடி எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். இருபது காசு நட்டம் என்று பேசுபவர்கள் காலத்துக்கு விலை போட மறந்தவர்கள். முதலீட்டுப் பொருளாதாரத்தின் முதல் மாதப் பாடம் இதுதான்.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கூட்டு வட்டி கணிதம், அதில் வாதமில்லை. ஒன்றோடொன்று ஒட்டி ஆடாத பங்குகளைச் சேர்த்தால் மொத்த ஆட்டம் குறையும் என்பதும் கணிதமே. கட்டணம் கூடினால் முதலீட்டாளர் கையில் நிற்பது குறையும், இதுவும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. இதற்கு மேல் போனால் தரை ஆடும். சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு பங்கு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்பதை மட்டும் வைத்து அதன் வருவாயை விளக்கிவிடலாம் என்ற ஷார்ப்பின் மாதிரி, தரவுகளோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஆனாலும் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அதைச் சொல்லித் தருகிறார்கள், சிந்திக்க உதவுகிறது என்பதால். விலையில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்ற யூஜின் ஃபாமாவுக்கும், சந்தை நியாயத்துக்கு மேல் ஆடுகிறது என்ற ராபர்ட் ஷில்லருக்கும் 2013-ல் ஒரே நோபல் பரிசைப் பகிர்ந்து கொடுத்தார்கள். மாணவர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். என் அபிப்பிராயம், நூறு பேர் உற்றுப் பார்க்கும் பெரிய கம்பெனிகளில் ஃபாமா பெரும்பாலும் சரி. யாரும் அறிக்கை எழுதாத சிறிய தோட்டக் கம்பெனிகளில் பொறுமையாகப் படிப்பவருக்குக் கொஞ்சம் இடம் உண்டு. இது என் அனுபவம், நிரூபணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தோட்டத்தைத் தெரியும் என்பதால் தோட்டப் பங்குகளில் வீட்டுப் பணத்தைப் போடத் தோன்றும். வேண்டாம். அப்பாவின் சம்பளம், போனஸ், ஒருவேளை குடியிருக்கும் வீடு கூட, ஏற்கெனவே செம்பனை விலையைச் சார்ந்தவை. சேமிப்பும் அதிலேயே என்றால், விலை விழும் வருடத்தில் எல்லாம் சேர்ந்து விழும். ஒரே இடத்தில் போடாதே என்று மார்க்கோவிட்ஸ் சொன்னதைப் பங்குகளுக்கு மட்டும் பொருத்திவிட்டுக் குடும்பத்துக்குப் பொருத்த மறப்பவர்கள் நிறைய. தோட்டம் பற்றிய அறிவை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பு வேறு பக்கம் இருக்கட்டும்.

கணக்கு பயமுறுத்தும் அளவுக்கு வராது. வகைநுண்கணிதம் கொஞ்சம், புள்ளியியல் நிறைய, முதலீட்டுத் தொகுப்புக்கு அணிகள். படிவம் ஆறு தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதம் எடுத்திருந்தால் போதும். புள்ளியியலை மட்டும் ஏனோதானோ என்று படிக்காதீர்கள். அதை விட அதிகமானோர் தடுமாறுவது ஆங்கிலத்தில் ஆண்டறிக்கை படிப்பதில்தான். அதற்கு மருந்து இலவசம். பட்டியலில் உள்ள எல்லாக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையும் நம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவின் இணையத்தளத்தில் கிடைக்கும். ஜெண்டராத்தா தோட்டத்திலேயே தலைமை அலுவலகம் வைத்திருக்கும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் உங்கள் ஊருக்குப் பக்கம். அதன் அறிக்கையையும் வேறொரு தோட்டக் கம்பெனியின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹெக்டேர் விளைச்சலையும் மரத்தின் வயதையும் மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியை ஒட்டி உற்பத்தி, கையிருப்பு, ஏற்றுமதி எண்களை வெளியிடுகிறது. அதையும் பார்த்து வாருங்கள்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வுப் பிரிவுகளில் நாற்காலிகள் குறைவு, போட்டி அதிகம். அங்கே உட்கார 2007-ம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், அதற்குத் தனித் தேர்வுகள் உண்டு. முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ என்ற மூன்று நிலைத் தேர்வு கதவைத் திறக்க உதவும், ஆனால் கட்டணம் கனம். வேலை கிடைத்த பிறகு நிறுவனம் கட்டுமா என்று பார்த்துத் தொடங்குங்கள், பிடிபிடிஎன் கல்விக் கடன் தலையில் இருக்கும்போது அதையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் வங்கிகளின் கடன் பிரிவிலும் நிதி நிர்வாக அலுவலகங்களிலும் கம்பெனிகளின் நிதித்துறையிலும் இருக்கிறார்கள். கடன் கேட்டு வரும் ஒரு தொழிலின் கணக்கைப் படிப்பதும் பகுப்பாய்வுதான், பெயர்தான் வேறு.

கணக்கியலா இதுவா என்றால், வேலை உறுதி மட்டும் முக்கியம் என்றால் கணக்கியல். சிறிய டவுனிலும் கணக்காளருக்கு வேலை உண்டு, பங்குப் பகுப்பாய்வாளருக்குக் கோலாலம்பூரை விட்டால் இடமில்லை. வீட்டுக்கு உடனே உங்கள் சம்பளம் தேவைப்படும் நிலை என்றால் யோசிக்காமல் மாறுங்கள். அந்த நெருக்கடி இல்லை, எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்ற குடைச்சல் உங்களுக்கு இருக்கிறது என்றால், கிடைத்த இடத்தையே எடுத்துக்கொண்டு, விருப்பப் பாடங்களில் நிதிநிலை அறிக்கை சார்ந்த கணக்கியல் பாடங்கள் எத்தனை அனுமதிப்பார்களோ அத்தனையையும் எடுங்கள். அனுமதிக்கும் எண்ணிக்கை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், பதிவு நாளுக்கு முன்பே துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.